சொல்லே இல்லாத டூம் மெட்டல் ஆல்பம் ஒரு சமூகச் செய்தியைச் சுமக்குமா?

தாழ்சுருதி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நாங்கள் மூவர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக உருவாக்கிய டூம் மெட்டல் (மிக மெதுவான, கனத்த ராக் வகை) ஆல்பத்தின் ஒலிப்பதிவு முடிந்து, இப்போது கலவை வேலை நடந்துகொண்டிருக்கிறது. மொத்தம் நான்கு உருப்படிகள், ஏறத்தாழ 51 நிமிடங்கள். எங்களிடம் பாடகர் இல்லை; தேடவும் இல்லை.

வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றிய ஆல்பம் இது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் வேலைத்தல விபத்துகளில் மட்டும் சுமார் 3,30,000 பேர் இறந்திருக்கிறார்கள். ஓர் ஆண்டின் வினாடிகளை இந்த எண்ணால் வகுத்தால், 95 வினாடிக்குச் சற்று மேல் ஒருமுறை ஒருவர் என்று வருகிறது. இரண்டாவது உருப்படி 19 நிமிடம். அதில் 95 வினாடிக்கு ஒருமுறை, ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சுரத்தொடர்) எந்த இடத்தில் இருந்தாலும் பொருட்படுத்தாமல், தொங்கவிட்ட தண்டவாளத் துண்டின் மீது சுத்தியலால் ஓர் அடி விழும். மொத்தம் பன்னிரண்டு அடிகள். பன்னிரண்டாவது அடியோடு உருப்படி முடிகிறது.

என் ஐயம் இதுதான்: செய்தி இசையில் இருக்கிறதா, அல்லது அட்டையில் நாங்கள் அச்சடிக்கப்போகும் நான்கு வரிகளில் மட்டும் இருக்கிறதா? கலவை முடியாத பிரதியைக் கேட்க விரும்புபவர்களுக்கு அனுப்புகிறேன்.

பழைய ஒலிநாடா

அட்டையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இதை உங்கள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லற்ற இசையின் இயல்பே அப்படி. போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி 52 தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய ஹிரோஷிமா இரங்கல் இசையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதைக் கேட்கும் எவருக்கும் விமான இரைச்சலும் கதறலும் காதில் விழுகின்றன. ஆனால் எழுதப்பட்ட காலத்தில் அதன் பெயர் வெறும் 8 நிமிடம் 37 வினாடி என்பதே. அதன் நீளத்தையே பெயராக வைத்திருந்தார். வாத்தியங்களிலிருந்து புதிய ஒலிகளை எப்படிப் பெறுவது என்ற சோதனையாகத் தொடங்கிய ஒன்றை, வாசிக்கக் கேட்ட பிறகுதான் ஹிரோஷிமாவில் இறந்தவர்களுக்கு அவர் உரியதாக்கினார். ஒரு சுரமும் மாறவில்லை, பொருள் மட்டும் முழுவதுமாக மாறிவிட்டது. பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்றால், பொருள் சுரத்துக்குள் இல்லை என்றுதானே ஆகிறது?

கரிப்புகை

பழைய ஒலிநாடா சொல்வது பொதுவாகச் சரியாக இருக்கலாம், ஆனால் டூம் மெட்டல் விஷயத்தில் பொருந்தாது என்று நினைக்கிறேன். இந்த ஒலியே ஒரு வேலைத்தல விபத்தில் பிறந்தது. பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளை மாட்டி, அவை தளர்வாக இருக்கச் சுருதியை இறக்கி வாசித்தார். நாம் கனம் என்று கொண்டாடும் ஒலி, காயம்பட்ட ஒரு தொழிலாளி தன் வலிக்கு ஏற்பக் கருவியைத் திருத்திக்கொண்டதன் விளைவு. இந்த ஆல்பத்தின் செய்திக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு எது?

எட்டாங்கட்டை

அழகான கதை, ஆனால் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 1970 பிப்ரவரி 13-இல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது. ஒன்றரைச் சுரம் இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில்தான். ஆக, விரல் போனதும் சுருதி இறங்கியது, டூம் பிறந்தது என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாது. முதல் ஆல்பத்தின் இருளுக்குச் சுருதி இறக்கம் காரணமில்லை. அங்கே வேலை செய்தது வேகக்குறைவும், அந்தப் புகழ்பெற்ற மூன்று சுர ரிஃபும்.

அந்த ரிஃபைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்சத்திலிருந்து பிரதி மத்திமத்துக்குப் போகும் அந்த இடைவெளியைச் சாத்தானின் இடைவெளி என்று மெட்டல் ரசிகர்கள் சொல்வதுண்டு. அதே இடைவெளியைக் கல்யாணியில் கேட்டால் எவருக்கும் அச்சம் தோன்றாது. எனவே அச்சமோ துக்கமோ சுரத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பழக்கமும் சூழலும் கொடுக்கின்றன. இந்த இடத்தில் நான் பழைய ஒலிநாடாவின் பக்கம்.

கரிப்புகை

திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் விபத்து நடந்தது, விரலுறை உண்மை, அந்த விரலுறையால் வாசிக்கப்பட்டதுதான் முதல் ஆல்பமும். அதுவே எனக்குப் போதும்.

முழவு

நான் டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் வேறொரு கேள்வி. உருப்படியின் வேகம் என்ன?

தாழ்சுருதி

நிமிடத்துக்கு 50 தட்டு. ஆவர்த்தத்துக்கு நான்கு தட்டு.

முழவு

அப்படியானால் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். 50 என்றால் தட்டுக்கு 1.2 வினாடி, 95 வினாடியில் 79 தட்டும் ஆறில் ஒரு பங்கும் அடங்கும். அதாவது முதல் அடி இருபதாவது ஆவர்த்தத்தின் நான்காம் தட்டைத் தாண்டி ஐந்தில் ஒரு வினாடி கழித்து விழும். இரண்டாவது அடி நாற்பதாவது ஆவர்த்தத்தின் மூன்றாம் தட்டைத் தாண்டி, அதைவிட இருமடங்கு தள்ளி விழும். ஒவ்வொரு முறையும் இடம் நகர்ந்துகொண்டே போகும். ஆறாவது அடியும் பன்னிரண்டாவது அடியும் மட்டுமே ஏதாவது ஒரு தட்டின்மீது சரியாக உட்காரும். பன்னிரண்டில் ஒன்றுகூடச் சமத்தில், அதாவது ஆவர்த்தத்தின் முதல் தட்டில், விழாது.

இதே உருப்படியை நிமிடத்துக்கு 48 தட்டு என்று வைத்தால், 95 வினாடி என்பது மிகச் சரியாக 76 தட்டு, 19 ஆவர்த்தம். அடி ஒவ்வொன்றும் சமத்தில் வந்து விழும். இரண்டு தட்டு வித்தியாசத்தை எந்தக் கேட்பாளரும் வேகக்குறைவாக உணரப்போவதில்லை. ஆனால் இசையாக இரண்டும் வேறுவேறு. 50-ஐத் தெரிந்து தேர்ந்தெடுத்தீர்களா, தற்செயலா?

தாழ்சுருதி

ஒளிக்காமல் சொல்கிறேன்: தற்செயல். ரிஃப் முதலில் பிறந்தது, அதன் வேகம் 50 என்று பிறகு அளந்தோம், அடியைப் பற்றிய எண்ணம் அதற்கும் பிறகு வந்தது. வாசிக்கும்போது எங்கள் டிரம்ஸ் வாசிப்பவர் ஒவ்வோர் அடிக்கும் எரிச்சலடைந்தார். அடி விழுந்ததும் கை தன்னையறியாமல் அதைச் சமமாக எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது என்றார். ஏழாவது அடிக்குப் பிறகு ஓர் இடத்தில் அவர் தடுமாறியது பதிவிலும் இருக்கிறது. அதை நாங்கள் நீக்கவில்லை.

முழவு

நீக்காதீர்கள். 48-க்கு மாற்றவும் வேண்டாம். சமத்தில் விழும் அடி அலங்காரமாகிவிடும். தாளத்தோடு ஒத்துப்போகாமல் விழுவதை வாசிப்பவரே தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதில்தான் உங்கள் உருப்படியின் உயிர் இருக்கிறது. அட்டையைப் படிக்காதவருக்கும் இங்கே ஏதோ ஒன்று இசையின் சம்மதமில்லாமல் நடக்கிறது என்பது கேட்கும்.

மௌனவாசகன்

பல மாதங்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதன்முறையாக எழுதுகிறேன். எனக்கு 48, 50 இரண்டுமே தவறாகத் தோன்றுகின்றன. இறப்புகள் 95 வினாடிக்கு ஒன்று என்று வரிசையில் நின்று வருவதில்லை. 2013 ஏப்ரல் 24 காலையில் டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்திலிருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். ஆடைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். அந்த 1,134-ஐ உங்கள் முறைப்படி அடித்தால் ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். ஆனால் அது ஒரு காலைப்பொழுதில் நடந்தது, அதற்கு உத்தரவிட்டவர்களும் இருந்தார்கள். சராசரி என்பது அலுவலகக் கோப்பின் தாளம். யாரோ ஒருவர் பொறுப்பாக வேண்டிய மரணத்தை, மழை பெய்வதைப் போல, கடிகாரம் ஓடுவதைப் போல இயற்கையான ஒன்றாக உங்கள் அடி மாற்றிவிடாதா?

தாழ்சுருதி

இதற்கு என்னிடம் உடனடி மறுமொழி இல்லை. உங்களுக்கும் பிரதியை அனுப்பட்டுமா?

பழைய ஒலிநாடா

மௌனவாசகன் எழுப்பியது இந்த இழையின் மிகக் கனமான கேள்வி என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். குற்றம் சாட்டுவதற்கு எழுவாய் வேண்டும். யார் செய்தார் என்று சொல்ல வேண்டும். சொல்லற்ற இசையிடம் எழுவாய் கிடையாது. பாடகர் இல்லாத கனடா நாட்டு இசைக்குழு காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், அதன் குழுவினர் இந்தக் குறையை அறிந்தே அட்டையைப் பயன்படுத்தினார்கள் என்று நினைக்கிறேன். 2002-இல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பின்னட்டையில், பெரிய இசை நிறுவனங்களுக்கும் ஆயுத உற்பத்திக்கும் உள்ள தொடர்பை ஒரு வரைபடமாக அச்சிட்டார்கள். அதில் சில பிழைகள் இருந்தன என்று பிறகு ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது. இசையில் பிழை என்று எவரும் சொல்ல முடியாது, வரைபடத்தில் சொல்ல முடியும், ஆகவே அது உண்மையான கூற்று. 2024-இல் வந்த ஆல்பத்துக்குத் தலைப்பே இல்லை என்று அறிவித்துவிட்டு, 2024 பிப்ரவரி 13 என்ற நாளையும் காசாவில் அந்நாள் வரை இறந்தவர்களின் எண்ணிக்கையான 28,340-ஐயும் தலைப்பிருக்க வேண்டிய இடத்தில் அச்சிட்டார்கள். உள்ளே இருப்பது வழக்கமான அவர்கள் இசைதான். வெளியே இருக்கும் எண் அதைக் கேட்கும் விதத்தை மாற்றுகிறது.

மறுகோடியில் கர்மா டு பர்ன் என்ற ராக் குழுவினர் இருக்கிறார்கள். 1997-இல் நிறுவனத்தின் வற்புறுத்தலால் முதல் ஆல்பத்தில் ஒரு பாடகரைச் சேர்த்துக்கொண்டார்கள்; 1999-இல் வந்த அடுத்ததில் பாடகரையும் விட்டார்கள், பெயர்களையும் விட்டார்கள், உருப்படிகளுக்கு வெறும் எண்களை வைத்தார்கள். கேட்பவர் எதையும் நினைத்துக்கொள்ளலாம் என்ற விடுதலை அது. தாழ்சுருதி, நீங்கள் இந்த இரண்டில் எந்தக் கோடி என்பதை முடிவு செய்யுங்கள். நடுவில் நின்றால் இரண்டும் கிடைக்காது.

கரிப்புகை

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 1963 செப்டம்பர் 15 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். இரண்டே மாதத்தில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அலபாமா என்ற உருப்படியைப் பதிவு செய்தார். சொல் இல்லை, எண் இல்லை, வரைபடம் இல்லை; மாநிலத்தின் பெயர் மட்டும்தான். பியானோவின் அடித்தட்டில் அசையாத ஒரு முழக்கம், அதன்மேல் தாளத்துக்குக் கட்டுப்படாமல் பேசுவதைப் போல நகரும் சாக்ஸபோன். குற்றம் சாட்டுகிறதா என்று கேட்டால் இல்லை. ஆனால் அந்த ஆண்டில் அந்தப் பெயரைக் கேட்டவருக்குக் குற்றவாளி யார் என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் ஒரு வழி. (டூமின் ஊரும் இந்த உருப்படியின் ஊரும் ஒரே பெயர் கொண்டவை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன், அதற்குப் பொருள் எதுவுமில்லை, ஆனால் மனம் அங்கேயே நிற்கிறது.)

கலவைமேசை

தத்துவத்தை உங்களிடமே விட்டுவிட்டு ஒலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். தாழ்சுருதி அனுப்பிய பிரதியை மூன்று வகையில் கேட்டேன். கிட்டாரின் அடித்தந்தி வழக்கமாக 82 ஹெர்ட்ஸ். இவர்கள் அதை 55 ஹெர்ட்ஸ் வரை இறக்கியிருக்கிறார்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியால் 200-க்குக் கீழே எதையும் சரியாக எழுப்ப முடியாது. ஒலியைச் சிதைக்கும் ஃபஸ் பெடல் உண்டாக்கும் மேல் சுரங்களை வைத்து, வராத அடிச்சுரத்தைக் காதே கற்பனை செய்துகொள்கிறது என்பதால் ரிஃப் அடையாளம் தெரிகிறது. உடம்பில் விழும் கனம் மட்டும் வருவதில்லை. தண்டவாள அடியோ உயர் அலைவரிசையில் இருக்கிறது. விளைவு என்னவென்றால், கைப்பேசியில் அடி மட்டும் காதைக் கிழிக்கிறது, இசை பின்னால் கொசுவைப் போல ரீங்கரிக்கிறது. பெரிய ஒலிபெருக்கிகளில் அதே அடி ஆம்ப் இரைச்சலுக்குள் மூழ்கி, மூன்றாவது முறை விழும்வரை நான் கவனிக்கவே இல்லை. செய்தி எங்கே இருக்கிறது என்ற விவாதத்துக்கு முன், எந்தக் கருவியில் கேட்பவருக்கான செய்தி என்பதை முடிவு செய்ய வேண்டும். என் யோசனை: அடியின் கூர்மையைச் சற்றுக் குறைத்து, அது விழும் கணத்தில் கிட்டாரை ஒரு நூல் அளவு தாழ்த்துங்கள். எதிரொலி எதையும் சேர்க்காதீர்கள். எதிரொலி சேர்த்தால் கோயில் மணியாகிவிடும்.

மௌனவாசகன்

பிரதியைக் கேட்டேன். கேட்டபோது நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடி எதைக் குறிக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அதை எதிர்த்து இங்கே எழுதியவனே நான்தான். முதல் நான்கு அடிகள் வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு ரிஃப் என்னை இழுத்துக்கொண்டது. எட்டாவது ஒன்பதாவது அடிக்கு இடையில், ஒரே சுரத்தில் நெடுநேரம் நின்று ஃபீட்பேக் பெருகும் இடத்தில், என்னையறியாமல் அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன். இன்னும் விழவில்லையே என்று பொறுமையிழந்தேன். விழுந்ததும் தோள் தளர்ந்தது. நிம்மதி என்றே சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த கணத்தில்தான் எதற்காகக் காத்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ச் சற்று நேரம் கழித்தே மீதியைக் கேட்டேன்.

சராசரியைப் பற்றிய என் எதிர்ப்பை நான் திரும்பப் பெறவில்லை. ஆனால் இதை எந்த வரைபடமும் எனக்குச் செய்ததில்லை.

பழைய ஒலிநாடா

இது எனக்கு எதிரான சான்று என்பதை ஏற்கிறேன், பாதியளவு. அடியின் பொருள் உங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அந்த அறிவு இல்லாமல் அந்த வெட்கம் வந்திருக்காது. ஆனால் அட்டையை மட்டும் படித்திருந்தாலும் வந்திருக்காது. இரண்டும் மோதும் இடத்தில் நடந்திருக்கிறது.

எட்டாங்கட்டை

வேறு எந்த வகை இசையில் இது சாத்தியம் என்று யோசித்தேன். வேகமான இசையில் 95 வினாடி என்பது ஒரு முழு உருப்படியே முடிந்துவிடும் நேரம். அடுத்த அடிக்குக் காத்திருக்கும் நிலையே வராது. டூமில் ஒரே ரிஃப் பத்து நிமிடம் நிற்பதால் கேட்பவர் வேறு வழியின்றிக் காலத்தை எண்ணத் தொடங்குகிறார். எர்த் என்ற டூம் குழுவினர் 1993-இல் மூன்றே உருப்படிகளால் ஓர் ஆல்பத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டியபோது பலர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த நீட்டம் எதற்குப் பயன்படும் என்பதற்கு இதை ஒரு விடையாகச் சொல்வேன்.

முழவு

தாழ்சுருதி, நீங்கள் 3,30,000 என்று எடுத்துக்கொண்டது விபத்துகளை மட்டும். வேலையால் வரும் நோய்களில் இறப்பவர்களை அதே மதிப்பீடு 26 லட்சம் என்கிறது. தூசியும் நச்சும் நுரையீரலும் இதயமும் எல்லாம் அதில் அடங்கும். இரண்டையும் சேர்த்தால் 29 லட்சத்து 30 ஆயிரம். வகுத்தால் ஒருவருக்கு 10.8 வினாடி. உங்கள் வேகத்தில், நிமிடத்துக்கு 50 தட்டில், 10.8 வினாடி என்பது மிகச் சரியாக ஒன்பது தட்டு.

ஒன்பது தட்டு ஆவர்த்தத்தில் ஒரு ரிஃப் எழுதினால் அடியே தேவையில்லை. விபத்து மட்டுமே சத்தத்தோடு நிகழ்கிறது. நோயில் போகிறவர்களுக்குச் சுத்தியல் அடி பொருந்தாது. நான்காவது உருப்படியில் செய்து பார்க்க முடியுமா?

கரிப்புகை

கணக்குத் தானாக இப்படிப் பொருந்துவதைப் பார்த்தால் கொஞ்சம் அச்சமாக இருக்கிறது.

எட்டாங்கட்டை

ஓர் எச்சரிக்கை. நல்ல ஒன்பது தட்டு ரிஃபுக்குத் தலை தானாக ஆடும். ஒவ்வோர் ஆட்டமும் ஒருவர் என்றால், மௌனவாசகன் ஒருமுறை பட்டதைக் கேட்பவர் எழுபது முறை பட வேண்டும்; அல்லது ஒருமுறைகூடப் படாமல் இன்பமாகக் கேட்டுவிட்டுப் போவார். இரண்டாவதே அதிகம் நடக்கும் என்று நினைக்கிறேன்.

மௌனவாசகன்

நடக்கட்டும். பெரும்பாலும் அப்படித்தானே நடந்துகொண்டிருக்கிறது.

தாழ்சுருதி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காவது உருப்படியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினோம். ஒன்பது தட்டு, 78 ஆவர்த்தம், 14 நிமிடமும் சில வினாடிகளும். அடி இல்லை, உச்சம் இல்லை, ரிஃப் மாறுவதும் இல்லை. ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் பேஸ் மட்டும் கடைசித் தட்டில் மூச்சுவிடுவதைப் போல நின்று எழுகிறது. இரண்டாவது உருப்படி 50-இலேயே இருக்கிறது, தடுமாற்றமும் இருக்கிறது, கலவைமேசை சொன்னபடி அடியின் கூர்மையைக் குறைத்துவிட்டோம்.

அட்டையின் வெளிப்புறத்தில் ஒன்றும் எழுதப்போவதில்லை. இரண்டு எண்களும் 95, 10.8 என்ற வினாடிக் கணக்கும் உள்ளட்டையில் வரும். முதல்முறை தெரியாமலும் இரண்டாம் முறை தெரிந்தும் கேட்க விரும்புபவருக்கு அது வசதி. ராணா பிளாசாவின் விரிசலைப் பற்றி மௌனவாசகன் எழுதியதைப் படித்த பிறகு, மூன்றாவது உருப்படிக்கு 'முந்தைய நாள்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த ஏழு நிமிடத்தில் டிரம்ஸ் நுழையவே இல்லை. புதிய பிரதி அனைவருக்கும் அனுப்பியாகிவிட்டது.

முழவு

நான்காவதை இரண்டு முறை கேட்டேன், இரண்டாம் முறை விரல் விட்டு எண்ணிக்கொண்டு. 41-ஆவது ஆவர்த்தத்தில் பத்துத் தட்டு இருக்கிறது. பேஸ் ஒரு தட்டு கூடுதலாக நிற்கிறது, டிரம்ஸும் அவருக்காகக் காத்திருக்கிறது. வேண்டுமென்று செய்ததா?

தாழ்சுருதி

இல்லை. இப்போது எண்ணிப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி. இரண்டாவதில் தடுமாற்றத்தை விட்டுவைத்தோம், இதில் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடி முதலிலிருந்து வாசிக்கிறோம்.